பேரைப் பிடுங்குவதற்கு ஒரு சொல்

அட, ஓட்டுக் கேட்க வந்தவர்களும் இல்லை, பேங்க்காரர்களும் இல்லை மரகதம். நம் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்துவிட்டால் உங்களுக்கெல்லாம் வேறொன்றும் தோன்றாது. நேற்று என் வாசலில் இறங்கிய அந்த அம்மாள் பண்ணை வீட்டுப் பேத்தி. குத்தாலம் போகிற சாலையில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறதே, அங்கேதான் அவர்கள் வீடு இருந்தது. நீ பூதலூரிலிருந்து வாழ வந்தவள், உனக்குத் தெரிய நியாயமில்லை. கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடையது. எங்கள் தெரு மொத்தமும் அந்த வயலில் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாகிவிடும்.

அந்த அம்மாளுக்குப் பேர் அபிராமி. எனக்கும் அதுதான் பேர்.

ஏன் இப்படி வாயைப் பிளக்கிறாய்? குப்பம்மா பாட்டி என்று இத்தனை நாளாகக் கூப்பிடுகிறாய், இப்போது கிழவிக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பார்க்கிறாய். கலங்கவில்லை. காலை நீட்டி உட்கார், சொல்கிறேன். டீ போடட்டுமா? வேண்டாமா? சரி.

நேற்று அந்த அம்மாளுக்கும் டீ போட்டேன். நம் வீட்டு டம்ளரில்தான் கொடுத்தேன். குடிக்கிறாளா, ஓரமாக வைத்துவிடுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இஞ்சி தூக்கலாக இருக்கிறது, நன்றாயிருக்கிறது என்றாள். நல்ல மாதிரிதான், குறை சொல்லக் கூடாது. சென்னையில் இருக்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில். பொழுது போகாமல் குடும்பத்துப் பழங்கதைகளைச் சேர்க்கிறாளாம், பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல. அவள் பாட்டியைக் கண்ணால் பார்த்தவர்களில் இந்த ஊரில் மிச்சமிருப்பது நான் ஒருத்தி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் வந்தாள்.

குனிந்து டம்ளரைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மேலே ஏதோ சென்ட். அதற்கு அடியில் கிராம்பு. பல்வலிக்கு அடக்கியிருப்பாள் போல. நான் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் பாட்டியை நாங்கள் ஆச்சி என்போம். ஆச்சி வெற்றிலைக்குள் கிராம்பு வைத்து மடித்துப் போடுவாள். பேச வாயைத் திறந்தால் கிராம்புதான் முதலில் வந்து சேரும், சொல் அப்புறம்தான் வரும். இத்தனை வருஷத்தில் என் சமையலில் கிராம்பு போட்டதில்லை. மகன் பிரியாணி கேட்டால் கடையில் வாங்கிக்கொள் என்றுவிடுவேன். எனக்குப் பிரியாணி வராது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வராமல் என்ன, எல்லாம் வரும்.

பேருக்கு வருகிறேன். என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருக்கடையூர்ப் பக்கம். என்னைப் பெறுவதற்கு அங்கே போயிருந்தாள். அந்தக் காலத்தில் கோயிலுக்குள் நாங்கள் போகிற வழக்கமில்லை. சட்டம் போட்டாயிற்று என்று சொன்னார்கள், சட்டம் எங்கள் தெருவுக்கு நடந்து வந்து சேர நாளாயிற்று. ஆனால் என் ஆயா வீட்டு வயலில் நின்றால் கோபுரம் தெரியுமாம். வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் நின்று கோபுரத்தைப் பார்த்து, பொண்ணாய்ப் பிறந்தால் உன் பேர்தான் என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்திராத ஒருத்தியின் பேர். முகம் தெரியாதவளிடம் கடன் வாங்கின மாதிரி வாங்கி எனக்கு வைத்தாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பேர் அதற்குமுன் கிடையாது. காத்தாயி, வீராயி, இருளாயி, இப்படித்தான் இருக்கும். என்னைக் கூப்பிடும்போது மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் உயரும். அடுத்த தெருவுக்கும் கேட்கட்டும் என்று கூப்பிடுவாள்.

கேட்டுவிட்டது. அதுதான் வினை.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பண்ணை வீட்டில் பேத்தி பிறந்தது. பேர் வைத்து மத்தளம் மேளம் எல்லாம் முடிந்தது. எங்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல், இலையில் அல்ல, நாங்கள் ஏந்தின சேலையில். மறுநாள் காலையில் காரியக்காரர் வந்தார். அவர் பண்ணையின் கணக்குவழக்கு, ஆள்அம்பு எல்லாம் பார்க்கிறவர். தெருவுக்குள் வர மாட்டார். வாய்க்கால் மதகின் மேல் நின்றுகொண்டு என் அப்பாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஒம் பொண்ணுக்கு இனிமே குப்பம்மான்னு பேரு. ஆச்சி சொல்லிட்டாங்க."

அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "என்னங்க தப்பு நடந்துச்சு?"

"தப்பு என்னடா தப்பு. கொழந்தைக்கு அபிராமின்னு வச்சாச்சு. அந்தப் பேர இங்க ஆட்டுக்குட்டியோட சேத்துக் கத்திக்கிட்டுக் கெடப்பீங்களா? மாத்திக்க."

"சரிங்க" என்றார் அப்பா.

அம்மா குடிசைக்குள்ளிருந்தே, "எம் பொண்ணுல்ல மூத்தவ. பின்னால வந்தவங்கதான் வேற பேரு பாத்துக்கணும்" என்றாள்.

"யாருடா அது உள்ள?"

"ஆடு கத்துதுங்க" என்றார் அப்பா. என் அப்பா வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். அதையும் பயத்தில் சொன்னார்.

குப்பம்மா என்ற பேரில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு குப்பம்மா இருந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. அதனால் இவளைப் பிறந்ததும் குப்பையில் கிடத்தி, முறத்தால் வாரி எடுத்து, குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். எமன் வந்து பார்த்தால், சீ, குப்பை என்று விட்டுவிட்டுப் போவானாம். பெற்றவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்த பேர் அது. அந்தக் குப்பம்மாவை அவள் அம்மா கூப்பிட்டால் கேட்கிறவர்களுக்கே கண் கலங்கும். எனக்கு வைத்தது அப்படியில்லை. காரியக்காரரிடம் ஆச்சி என்ன சொன்னாள் என்று பண்ணை வீட்டில் சாணி அள்ளுகிறவள் வந்து சொன்னாள். "எந்தப் பேர வைக்கிறதுங்க" என்று அவர் கேட்டாராம். ஆச்சி முற்றத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்துக்கு அங்கே குப்பை கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். மாடு கட்டிக்கொண்டிருந்தால் என் பேர் வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

கொஞ்ச நாள் ஒரே குழப்பம். கூட்டாளிப் பிள்ளைகள் பழைய பேரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். குப்பம்மா என்று யாராவது கூப்பிட்டால் மூத்த குப்பம்மாவும் திரும்புவாள், நானும் திரும்புவேன். அம்மா மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பழையபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உயர்ந்திருந்த குரல் தாழ்ந்ததுதான் மாற்றம்.

தை மாதம் அறுவடை வந்தது. களத்துமேட்டில் கதிரடித்த வைக்கோலைப் பரப்பி மாடு பிணைத்துச் சுற்றவிடுவார்கள், ஒட்டியிருக்கிற நெல்லும் உதிரட்டும் என்று. நீ பார்த்திருக்க மாட்டாய், இப்போது மெஷின் வந்து நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. மாடு சுற்றிச் சுற்றி வரும். அதற்குக் கண்ணும் பாதி மூடியிருக்கும், ஓட்டுகிறவனுக்கும் பாதி மூடியிருக்கும். நான் வைக்கோல் சூட்டுக்கு அதில் படுத்துத் தூங்கிவிட்டேன். புது வைக்கோலின் சூடு இருக்கிறதே, அதற்குச் சமமாக எந்த மெத்தையும் இல்லை. சொரசொரவென்று முதுகைச் சொறிந்துவிட்டுக்கொண்டே தூங்க வைக்கும்.

களத்தின் ஓரத்தில் பந்தல். பந்தலில் நாற்காலி. நாற்காலியில் ஆச்சி. ஆச்சி மடியில் குழந்தை. பொலி, அதுதான் தூற்றிக் குவித்த நெல், அதை அளக்கும்போது அவள் வந்து உட்காருவாள்.

தூற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறாள். மாடு என் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எவளுக்கு ஆச்சி ஞாபகம் வரும், காரியக்காரர் ஞாபகம் வரும்? அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அபிராமீ! எந்திரிடி எருமை!"

நான் உருண்டேன். மாடு என் கால்மாட்டில் போயிற்று. உயிர் பிழைத்தேன். களம் முழுவதும் அமைதியாகிவிட்டது. எனக்காக இல்லை. ஆச்சியின் மடியில் இருந்த குழந்தைக்கு எருமை என்று பேர் கிடைத்துவிட்டதே, அதற்காக.

ஆச்சி கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா போய்த் தள்ளி நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டுபோய்க் களத்தின் அந்தக் கோடியில் நிறுத்தினார்கள்.

"ஒம் பொண்ணு பேரு என்னடி?"

அம்மா முந்தானையில் ஒட்டின பதரைத் தட்டினாள்.

"அவளக் கூப்புடு. எல்லாருக்கும் கேக்கறாப்ல கூப்புடு. அப்புறம் பொலி அளக்கலாம்."

அளந்தால்தான் கூலி நெல். அறுத்தவர்கள் அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் பெண்கள் எல்லாம் பாவமாகப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி காலை மாற்றி நின்றாள். அப்புறம் ஒரு கிழவர், "கூப்புட்டுத் தொலையேன் ஆத்தா, வீட்ல ஒலை வைக்கணும்ல" என்றார். அவர் மேலும் தப்பில்லை, அவர் வீட்டிலும் பசி. அப்பா பக்கத்தில் போய், "கூப்புடுடி, ஒங் கால்ல வேணா விழறேன்" என்றார்.

அம்மா கூப்பிட்டாள். "குப்பம்மா."

கேட்கவில்லை என்றாள் ஆச்சி.

"குப்பம்மா!"

நான் சின்னப் பெண். அம்மா வெயிலில் நிற்கிறாள், நாம் ஓடினால் விட்டுவிடுவார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே குடுகுடுவென்று ஓடினேன். பின்பக்கமெல்லாம் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடின ஓட்டத்தைப் பார்த்துக் களமே சிரித்தது. எங்கள் ஆட்களும்தான் சிரித்தார்கள். ஆச்சி என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கிராம்பு வந்தது. அப்புறம் சொல் வந்தது, அம்மாவைப் பார்த்து.

"பாத்தியா, புள்ளைக்குப் புடிச்சிருக்கு. ஒனக்குத்தான் வலிக்குது."

பொலி அளந்தார்கள். அன்றைக்கு எங்களுக்கு ஒரு மரக்கால் நெல் அதிகமாகப் போடச் சொன்னாள் ஆச்சி. அந்த நெல்லை அம்மா குத்தவில்லை. கோழிக்கு இறைத்தாள். அப்பா திட்டினார், அடித்தார், அவள் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை மரகதம். அதையும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. "இந்தா" என்பாள். அவ்வளவுதான் என் பேர். சோறு போட்டால் இந்தா. தலை சீவ வேண்டுமானால் இந்தா. காய்ச்சலில் நான் கிடந்தால் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, இந்தா, இந்தா என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருக்கோ எதையோ கொடுத்துக்கொண்டே இருக்கிறாள் போலிருக்கும். வயலில் தூரமாக இருந்தால் கையைத் தட்டுவாள். நடவுக்கு வந்த ஒருத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஏன்டி, பெத்த பொண்ண ஆடு மாட்டக் கூப்புடுற மாதிரி கூப்புடுற?"

"ஆட்டுக்கு மாட்டுக்கு அவுங்க பேரு வைக்கலல்ல, அதான்" என்றாள் அம்மா, நாற்றிலிருந்து கையை எடுக்காமல்.

பிற்பாடு கொடி பிடித்தவர்கள் வந்தார்கள். சங்கம் வந்தது. ஆண்டே என்று கும்பிடாதே, இடுப்புத் துண்டைத் தோளில் போடு, கூலியைக் கையில் கேள் என்றார்கள். அதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை, ஆட்கள் மண்டை உடைபட்டார்கள். என் அப்பா ஒருநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணை வீட்டு வழியே நடந்துவிட்டு வந்து, கைகால் நடுங்க உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே நடுங்கினார். நான் கேட்டேன், "அப்பா, அப்ப எம் பேரு?" அவருக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும், "அடிப் போடி, கூலி கேக்கவே தொண்ட வறண்டு போவுது, இதுல பேரு வேற" என்றார். அவர் சொன்னது சரிதான். துண்டு ஏறியது, கூலி ஏறியது, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஏறினார்கள். பேர் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. அது வயிற்றுக்குள் போகிற பொருளா, முதுகில் போடுகிற பொருளா, எதற்காக ஒருத்தர் கொடி பிடிப்பார்?

கல்யாணம் ஆயிற்று, உள்ளூரிலேயே அத்தை மகன். அவர் என்னை ஏய் என்பார். அப்புறம் செல்வத்தோட அம்மா ஆனேன். கல்யாணம் ஆனபிறகு யாருக்குத்தான் பேர் இருக்கிறது, சொல். உன்னையே உன் வீட்டுக்காரர் மரகதம் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லையே. சிரிக்காதே.

அம்மா படுக்கையில் விழுந்தபோது பண்ணை வீட்டார் நிலத்தை விற்றுச் சென்னைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஆச்சி செத்து, வீட்டுக் கதவு நிலையெல்லாம் பழைய மரக்கடைக்காரன் பெயர்த்துக்கொண்டு போயிருந்தான். ஒருநாள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, சும்மா கேட்பது மாதிரி கேட்டேன்.

"அம்மா, இப்ப யாரும்மா இருக்கா? ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்புடேன்."

என்னையே பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு அதச் சொன்ன வாயி இது. இதுல அந்தப் பேரு வேணாம்."

மறுபடி கேட்கவில்லை. அவள் போகும்போதும் இந்தா என்றுதான் சொன்னாள். தண்ணீர் கேட்டாளா, என்னைக் கூப்பிட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. செல்வத்துக்குத் தெரியாது. அவன் பெண் யாழினி, அவள்தான் மயிலாடுதுறையில் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியாரம்மா, அவளுக்கும் தெரியாது. நேற்று அவளுக்கு லீவு, வீட்டில் இருந்தாள். அந்த அம்மாள் டீயைக் குடித்துவிட்டு, போனை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "குப்பம்மா, நீதானே அது?" என்றாள். என்னைவிடச் சின்னவள். எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீ என்கிறாள். எனக்கு உறைக்கக்கூட இல்லை, யாழினி முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"எதும்மா?" என்றேன்.

"பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே! களத்துல மாடு மிதிக்க வந்து, உங்க அம்மா என்னை எருமைன்னு திட்டி... அப்புறம் குப்பம்மான்னு கூப்பிட்டா வைக்கோலோட ஓடி வந்து நின்னு, ஆச்சி இந்தப் பேரு நல்லாருக்குன்னு சொன்னியாமே! எங்க வீட்ல எந்த விசேஷம்னாலும் இந்தக் கதை உண்டு. என் பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

பார் மரகதம், எங்கள் வீட்டில் வாயில் எடுக்காத ஒன்றை அவர்கள் வீட்டில் பாயசத்துக்கு அடுத்தாற்போல் பரிமாறியிருக்கிறார்கள்.

யாழினி கேட்டாள். "அப்ப எங்க பாட்டிக்கு முன்னாடி என்ன பேரு?"

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "அது... என் பேர்தான் வச்சிருந்தாங்களாம். அபிராமின்னு."

"ஒங்க பேரா? எங்க பாட்டி ஒங்களவிட மூத்தவங்க. ஒங்க பேர எப்படி அவங்களுக்கு வச்சிருப்பாங்க? அவங்க பேரத்தான் ஒங்களுக்கு வச்சிருக்காங்க."

அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது, நடிப்பில்லை. அவள் என்ன செய்வாள், மடியில் கிடந்த குழந்தை. போனை எடுத்து மூடி வைத்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்கு இப்படி யோசிக்கத் தோணவே இல்ல. நான் இனிமே உன்னை... உங்களை அபிராமின்னே கூப்பிடறேன். கூப்பிடட்டுமா?" என்றாள்.

அந்தக் காலத்தில் தீபாவளிக்குப் பண்ணை வீட்டு வாசலில் துணி கொடுப்பார்கள். வரிசையில் நிற்போம். மேலேயிருந்து போடுவார்கள், நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். கை தவறினால் மண்ணில் விழும். அவள் அன்பாகத்தான் கேட்டாள், ஆனால் எனக்கு என் கைகள் இரண்டும் ஏந்தினாற்போல் அவள் கைக்குள் இருப்பது தெரிந்தது. உருவிக்கொண்டேன்.

"வேணாம்மா. குப்பம்மாவே இருக்கட்டும்" என்றேன்.

அவள் போனதும் யாழினி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை, ஏன் விட்டுக்கொடுத்தாய், ஏன் வேண்டாம் என்றாய். நான் என்ன சொல்வது? அவர்கள் கையால் இன்னொரு தடவை பேர் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது, அதைச் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த இருக்கு பாட்டி" என்றாள்.

"எதுக்கு? மாடு மிதிக்கிறதுக்கா?"

"வெளையாடாத. இக்னோமினியஸ். ரொம்ப வெக்கக்கேடானது, அவமானமானதுன்னு அர்த்தம். தோத்து ஓடுனா, கேவலப்பட்டுப் போனா சொல்வாங்க. அந்த வார்த்த எப்படி வந்துச்சு தெரியுமா? லத்தீன்னு பழைய பாஷ. அதுல பேருக்கு நோமென்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி இல்லங்கறதச் சேத்து, பேரு இல்லாமப் போறதுன்னு ஆச்சு. ரோமாபுரியில ஒருத்தன் தப்புப் பண்ணுனா அவனோட நல்ல பேரப் புடுங்கிடுவாங்க. அதுதான் பெரிய அவமானம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நீ நம்ப மாட்டாய். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கும் ஒதுங்காதவள் நான். என் காரியத்துக்குக் கடல் தாண்டி ஒரு சொல் செய்து வைத்திருக்கிறான் பார். நான் ஒருத்திதான் இப்படிப் போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவளை மெதுவாகச் சொல்லவிட்டு, நானும் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை, பல் வேறு இல்லை, காற்றாகப் போய்விட்டது.

"அவன் என்ன தப்புப் பண்ணுனான்?" என்று கேட்டேன்.

"யாரு?"

"அந்த ரோமாபுரிக்காரன். பேரப் புடுங்குனாங்களே."

"பட்டாளத்துலேர்ந்து ஓடி வந்திருப்பான். இல்லன்னா ஏமாத்தியிருப்பான்."

"அப்ப நான் எதுலேர்ந்து ஓடி வந்தேன்?"

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, பேரு போனவனுக்குத்தான் அவமானம்னா, புடுங்குனவனுக்கு என்ன? அவனுக்கு ஒண்ணுமில்லியா? இந்தச் சொல்ல உண்டாக்குனவனும் பண்ணை வீட்டுக்காரனாத்தான் இருக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இல்ல பாட்டி, செஞ்ச காரியத்துக்கும் சொல்லலாம். வெக்கக்கேடான காரியம்னு. அப்ப அது செஞ்சவங்களத்தான் சேரும்."

"அப்ப அப்படியே சொல்லு. அந்தப் பக்கமாச் சொல்லு" என்றேன். சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது கேட்க. ஆச்சி காதில் விழுந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது, அது வேறு.

இன்று காலையில் நான் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "அபிராமீ!" நல்ல உரத்த குரல், தெருக்கோடிக்குக் கேட்கும். நான் அவசர அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்த அம்மாள் எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், இந்தப் பெண் கோபத்தில் மரியாதையில்லாமல் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். வாசலில் காரும் இல்லை, யாரும் இல்லை. பின்னால் யாழினி, காலேஜ் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"யாரைத் தேடுற?"

"அந்த அம்மா வந்துருக்காங்கன்னு..."

"ஒன்னத்தான் கூப்புட்டேன் பாட்டி."

"என்னையா?" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

இப்போது ஆச்சி இல்லை, காரியக்காரர் இல்லை. அந்தக் களத்துமேட்டில் மனைக்கட்டு போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், உன் வீட்டுக்காரர்கூட ஒன்று விசாரித்தாராமே. கூப்பிடக் கூடாது என்று சொல்வதற்கு இந்த ஊரில் ஒருத்தர் மிச்சமில்லை மரகதம். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஐயையோ, தூறல் விழுகிறது பார். ரோட்டில் காயப்போட்ட உளுந்து கிடக்கிறது. எழுந்திரு, எழுந்திரு, அந்தத் தார்ப்பாயின் ஒரு முனையை நீ பிடி.